தக்கன பிழைத்தல்

தக்கன பிழைத்தல் என்பது, உயிரினங்களின் படிவளர்ச்சியை விளக்கும் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தைச் சுருக்கமாகக் குறிக்க 19ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு சொற்றொடரின் தமிழ் வடிவம் ஆகும். ஆங்கிலத்தில் இது "சர்வைவல் ஆஃப் த ஃபிட்டெஸ்ட்" எனப்படும். ஒரு சூழலுக்குப் பொருந்தும் பண்புகளைக் கொண்ட உயிரிகள், அப்பண்புகள் இல்லாதவற்றைவிட மிகுதியாக உயிர் தப்பிக் கூடுதலான வழித்தோன்றல்களை விட்டுச் செல்கின்றன என்பதே உயிரியலில் இதன் பொருள். அன்றாட வழக்கில் இது பெரும்பாலும் "வலிமையுள்ளவன் வெல்வான், வலிமையற்றவன் அழிவான்" என்ற பொருளில் ஆளப்படுகிறது. இவ்விரு பொருள்களும் ஒன்றல்ல. இவற்றை ஒன்றாகக் கருதியதன் விளைவுகள் 20ஆம் நூற்றாண்டின் வரலாற்றில் பல்லாயிரம் மனிதரின் வாழ்வைப் பாதித்தன.

சொற்றொடரின் தோற்றம்

இச்சொற்றொடரை உருவாக்கியவர் சார்லஸ் டார்வின் என்ற கருத்துப் பரவலாக உள்ளது. ஆனால் இதை முதலில் பயன்படுத்தியவர் ஆங்கிலேய மெய்யியலாளரான எர்பர்ட் ஸ்பென்சர் ஆவார். டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" என்னும் நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியானது. அதன் முதற் பதிப்பில் இச்சொற்றொடர் இல்லை. அந்நூலைப் படித்த ஸ்பென்சர், 1864ஆம் ஆண்டில் வெளியான தமது "உயிரியலின் கோட்பாடுகள்" என்னும் நூலில் இதனை ஆண்டார்.

டார்வினைப் போலவே தனியாக இயற்கைத் தேர்வுக் கருத்தை எட்டியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அவர் 1866ஆம் ஆண்டு சூலை மாதம் டார்வினுக்கு ஒரு மடல் எழுதினார். "தேர்வு" என்ற சொல்லைக் கேட்போர், தேர்ந்தெடுக்கும் ஒருவர் எங்கோ இருப்பதாக எண்ணிவிடுகின்றனர் என்றும், அக்குழப்பத்தைத் தவிர்க்க ஸ்பென்சரின் சொற்றொடரைப் பயன்படுத்தலாம் என்றும் அவர் அதில் பரிந்துரைத்தார். டார்வின் இதனை ஓரளவு ஏற்றுக்கொண்டார். 1869ஆம் ஆண்டில் வெளியான ஐந்தாம் பதிப்பில், நான்காம் இயலின் தலைப்பில் "இயற்கைத் தேர்வு" என்பதுடன் இச்சொற்றொடரையும் சேர்த்தார்.

ஒரு குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக எடுத்தாளப்பட்ட இச்சொற்றொடர் அதைவிடப் பெரிய வேறொரு குழப்பத்துக்கு இடமளித்தது. டார்வின் காலத்து ஆங்கிலத்தில் "ஃபிட்" என்ற சொல்லின் முதன்மையான பொருள் "பொருத்தமான" என்பதாகும். நல்ல உடற்கட்டு உடைய என்னும் பொருள் பின்னரே பரவலாயிற்று. ஆகவே, பின்வந்த தலைமுறையினர் அச்சொல்லைக் கேட்டபோது, பொருத்தத்தை எண்ணாமல் உடல் வலிமையையே எண்ணினர்.

உயிரியலில் பொருள்

இயற்கைத் தேர்வு நிகழ மூன்று நிலைமைகள் தேவை:

1. ஓர் இனத்தின் உயிரிகளிடையே வேறுபாடுகள் இருத்தல்.
2. அவ்வேறுபாடுகளில் சில மரபுவழியாகக் கடத்தப்படுதல்.
3. அவற்றுள் சில, உயிர் தப்புவதிலும் இனம் பெருக்குவதிலும் வேறுபட்ட விளைவைத் தருதல்.

இம்மூன்றும் அமையும்போது, உதவியாய் இருக்கும் பண்புகள் தலைமுறைதோறும் அவ்வினத்தில் பெருகுகின்றன. இங்கே மாறுவது தனி உயிரி அன்று. உயிரிகளின் தொகையே மாறுகிறது. ஓர் உயிரி தன் வாழ்நாளில் முயன்று தன்னைத் தகுதியாக்கிக் கொள்வதில்லை.

உயிரியலாளர் "தகுதி" என்று கூறுவது, ஓர் உயிரி அடுத்த தலைமுறைக்கு வழங்கும் பங்கின் அளவையே ஆகும். நீண்டநாள் வாழ்ந்தும் வழித்தோன்றல் எதையும் விடாத, தன் உறவுயிரிகளின் பெருக்கத்துக்கும் உதவாத ஒரு விலங்கு எத்துணை வலிமை உடையதாயினும், இந்த அளவில் அதன் தகுதி சுழியமே. 1920களிலும் 1930களிலும் ரொனால்டு ஃபிஷர், ஜே. பி. எஸ். ஹால்டேன், சூவல் ரைட் ஆகியோர் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தனர். அதன்பின் உயிரியல் ஆய்வுகளில் "தக்கன பிழைத்தல்" என்ற சொற்றொடரின் பயன்பாடு குறைந்து, "இயற்கைத் தேர்வு" என்பதே நிலைபெற்றது.

"வாழ்க்கைப் போராட்டம்" என்ற தொடரையும் தாம் விரிந்த, உருவகப் பொருளிலேயே பயன்படுத்துவதாக டார்வின் தெளிவுபடுத்தியுள்ளார். பாலைநிலத்தின் ஓரத்தில் வளரும் ஒரு செடி வறட்சியை எதிர்த்துப் போராடுகிறது என்று கூறலாம் என அவர் எடுத்துக்காட்டினார். அச்செடி எதனையும் தாக்குவதில்லை.

தகுதி சூழலைப் பொறுத்தது

தகுதி என்பது ஓர் உயிரியிடம் மட்டும் உள்ள நிலையான பண்பு அன்று. அது உயிரிக்கும் அதன் சூழலுக்கும் இடையிலான உறவாகும். சூழல் மாறினால் தகுதியும் மாறும். இதற்குப் பின்வருவன எடுத்துக்காட்டுகள்:

மிளகுப் புள்ளி அந்துப்பூச்சி: இங்கிலாந்தில் வாழும் இப்பூச்சியின் வழக்கமான வடிவம், வெண்ணிறத்தில் கரும்புள்ளிகள் கொண்டது. 1848ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் முற்றிலும் கருநிறமான ஒரு பூச்சி பதிவு செய்யப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கருத்தன. கரும்பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்கு எளிதில் படவில்லை. 1895ஆம் ஆண்டளவில் மான்செஸ்டர்ப் பகுதியில் ஏறத்தாழ 98 விழுக்காடு பூச்சிகள் கருநிறமாய் இருந்தன. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் புகை குறைந்தது. வெண்ணிற வடிவம் மீண்டும் பெருகியது. பூச்சிகளின் நிறங்கள் அவையேயாக இருக்க, எது தக்கது என்பது மட்டும் இருமுறை மாறிவிட்டது.

கலாபகசுத் தீவுக் குருவிகள்: டாப்னி மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் பல பத்தாண்டுகள் ஆய்வு நடத்தினர். 1977ஆம் ஆண்டு வறட்சியில் சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோயின. கடினமான பெரிய விதைகளை உடைக்க வல்ல, பெரிய அலகுடைய நிலக்குருவிகள் மிகுதியாகப் பிழைத்தன. 1982-83இல் எல் நினோவால் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தன. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சிறிய அலகுடையவை மேம்பட்டன.

அரிவாள் வடிவக் குருதியணு: இக்குருதி நோய்க்குக் காரணமான மரபணுவின் இரு படிகளைப் பெற்றவர் கடும் நோய்க்கு ஆளாகின்றனர். ஒரு படியை மட்டும் பெற்றவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. இதனை 1954ஆம் ஆண்டில் அந்தோனி அலிசன் வெளியிட்டார். ஆப்பிரிக்காவில் மட்டுமன்றி இந்தியாவிலும் இம்மரபணு காணப்படுகிறது. இந்தியாவில் இது முதன்முதலில் 1952ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது குறிப்பிடத்தக்கது. மலேரியா உள்ள நிலத்தில் காப்பாகும் ஒரு பண்பு, மலேரியா இல்லாத நிலத்தில் சுமையாக மட்டுமே எஞ்சுகிறது.

வலிமையும் தகுதியும்

வலிமை சில சூழல்களில் தகுதியாகலாம். வேறு சூழல்களில் அதுவே அழிவுக்குக் காரணமாகலாம். மொசாம்பிக் நாட்டின் கோரொங்கோசா தேசியப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. யானைத் தொகையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, போருக்கு முன் ஏறத்தாழ 18 விழுக்காடாக இருந்த தந்தமற்ற பெண் யானைகளின் பங்கு, போருக்குப் பின் ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்தது. தந்தம் யானையின் வலிமைக்கு அடையாளம். மரப்பட்டை உரிக்கவும் நிலத்தைத் தோண்டவும் தற்காத்துக்கொள்ளவும் உதவும் கருவியும் அதுவே. எனினும் துப்பாக்கி ஏந்தியவர் நடமாடிய காட்டில் தந்தமற்றவையே பிழைத்தன. தந்தமின்மைக்குக் காரணமான மரபணு மாற்றம், அதைப் பெறும் ஆண் கருக்களுக்கு உயிர்க்கேடு விளைப்பதாக அவ்வாய்வு கருதுகிறது. அத்தகைய குறையுடைய பண்பும் அச்சூழலில் "தக்கது" ஆயிற்று.

ஒளி புகாத குகை நீரில் வாழும் மெக்சிக்கக் குகைமீன்கள் தலைமுறைகளின் போக்கில் கண்களை இழந்துள்ளன. எனவே படிவளர்ச்சி என்பது எப்போதும் மேல்நோக்கிய ஏற்றம் என்ற கருத்தும் சரியன்று.

ஒத்துழைப்பு

போட்டி மட்டுமே தகுதியைத் தருகிறது என்ற கருத்தை உருசிய அறிஞர் பீட்டர் குரோபோட்கின் மறுத்தார். சைபீரியாவின் கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதைத் தாம் கண்டதை அடிப்படையாகக் கொண்டு, 1902ஆம் ஆண்டில் "ஒருவருக்கொருவர் உதவி" என்ற பொருளுடைய தலைப்பில் நூலொன்றை அவர் வெளியிட்டார். குருதி உண்ணும் வௌவால்கள், இரை கிடைக்காத தம் கூட்டாளிகளுக்குத் தாம் உண்ட குருதியைக் கக்கி ஊட்டுகின்றன என்பதை 1984ஆம் ஆண்டில் செரால்டு வில்கின்சன் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உணவின்றி மூன்று நாள் கழிந்தாலே இறந்துவிடக்கூடிய இவ்விலங்குக்குப் பகிர்தலும் பிழைக்கும் வழியாகிறது.

தமிழில் வழங்கும் வடிவங்கள்

இச்சொற்றொடர் தமிழில் "தக்கன பிழைத்தல்", "தக்கன பிழைக்கும்", "தகுதியுள்ளது வாழும்", "வலியது வாழும்", "வல்லவன் வாழ்வான்" எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. இவை ஒரே பொருளைத் தருவன அல்ல.

"தக்கன" என்பது அஃறிணைப் பன்மை. பொருத்தமான யாவற்றையும் அது குறிக்கும். ஆங்கில மூலத்தில் உள்ள "மிகமிகத் தக்கது" என்னும் உச்சநிலைப் பொருள் அதில் இல்லை. இயற்கையில் மிகச் சிறந்த ஒன்று மட்டும் எஞ்சுவதில்லை. சூழலுக்குப் போதிய அளவு பொருந்திய பலவும் எஞ்சுகின்றன. ஆகவே இவ்வகையில் தமிழ்ச் சொற்றொடர் ஆங்கில மூலத்தைவிட உயிரியல் உண்மைக்கு நெருக்கமானது எனலாம்.

மாறாக, "வலியது வாழும்" என்பது பொருத்தத்தை விடுத்து வலிமையை முன்வைக்கிறது. "வல்லவன்" என்பதற்கு வலிமையுடையவன் என்பதோடு திறமையுடையவன் என்ற பொருளும் உண்டு. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்னும் பழமொழியில் அது திறமையையே சுட்டும். எனினும் உயர்திணை ஒருமையில் அமைந்ததால், "வல்லவன் வாழ்வான்" என்பது இயற்கையைப் பற்றிய கூற்றாக நில்லாமல், மனிதரிடையே நடக்கும் போட்டியைப் பற்றிய கூற்றாக மாறிவிடுகிறது.

"தகுதி" என்ற சொல்லும் கவனத்துக்குரியது. தமிழில் அது மதிப்பையும் உரிமையையும் சுட்டும். தேர்வுக்கும் பணிக்கும் பதவிக்கும் தகுதி பேசப்படுகிறது. ஆகவே "தகுதியுள்ளது வாழும்" என்னும்போது, அழிந்தது வாழத் தகுதியற்றது என்ற தீர்ப்பும் கேட்போர் மனத்தில் உடன்சேர்கிறது. உயிரியலில் இத்தீர்ப்புக்கு இடமில்லை.

"பிழைத்தல்" என்பதற்கு உயிர் தப்புதல், வாழ்க்கை நடத்துதல், தவறு செய்தல் என மூன்று பொருள்கள் உண்டு. "பிழைப்பு" என்பது வாழ்வாதாரத்தையும் குறிக்கும். பேச்சு வழக்கில் "பிழைக்கத் தெரிந்தவன்" என்பது, நெறியைப் பற்றிக் கவலைப்படாமல் தன் காரியத்தை முடித்துக்கொள்பவனைப் பெரும்பாலும் இகழ்ச்சியுடன் சுட்டுகிறது. இத்தொடர்பினால் "தக்கன பிழைத்தல்" என்பதும் சிலரால் தந்திரத்தைப் போற்றும் கூற்றாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

அன்றாட வழக்கு

வணிகம், விளையாட்டு, அரசியல், தேர்வுகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிய எழுத்துகளில் இச்சொற்றொடர் மிகுதியாகப் பயன்படுகிறது. இவ்வகைப் பயன்பாடு உருவகமே ஆகும். அது உயிரியலோடு பொருந்தும் இடங்களும் பொருந்தாத இடங்களும் உண்டு.

பெரியதும் வலியதுமான ஒரு நிறுவனம் சூழல் மாறியபோது வீழ்வதைக் கூற இவ்வுருவகம் ஓரளவு பொருந்தும். நிழற்படச் சுருள் விற்பனையில் உலகில் முன்னணியில் நின்ற ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே 1975ஆம் ஆண்டில் எண்ணிமப் படக்கருவி ஒன்றை உருவாக்கினார். எனினும் எண்ணிமப் படக்கலை பரவியபின் அந்நிறுவனம் நலிந்து, 2012ஆம் ஆண்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் பருமையும் செல்வமும் மாறவேண்டிய தேவையை நீக்கவில்லை.

ஆனால் ஒரு நிறுவனமோ மனிதரோ திட்டமிட்டுத் தம்மை மாற்றிக்கொள்ளும்போது நிகழ்வது இயற்கைத் தேர்வு அன்று. அது கற்றலும் முடிவெடுத்தலும் ஆகும். அதேபோல், தேர்வில் தோற்ற மாணவரையோ வேலை இழந்த தொழிலாளரையோ சுட்டி "இயற்கையின் நியதி" என்று கூறுவதும் பொருந்தாது. தேர்வின் விதிகளும் சந்தையின் விதிகளும் மனிதர் வகுத்தவை. அவற்றை மனிதர் மாற்றவும் இயலும்.

பிழைப்பது வலிமை மிக்கதோ அறிவு மிக்கதோ அன்று, மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதே என்ற கருத்துடைய மேற்கோள் ஒன்று டார்வினின் பெயரால் நூல்களிலும் சுவரொட்டிகளிலும் பரவியுள்ளது. இது டார்வினின் எழுத்துகளில் எங்கும் இல்லை. மேலாண்மைப் பேராசிரியர் லியோன் மெகின்சன் 1963ஆம் ஆண்டில் டார்வினின் கருத்தைத் தம் சொற்களில் கூறியதே பின்னர்ச் சிறிது சிறிதாக மாறி, டார்வினின் கூற்றாக வழங்கலாயிற்று.

சமூகத்தின் மீது ஏற்றிக் கூறல்

இச்சொற்றொடரை மனித சமூகத்தின் மீது ஏற்றிக் கூறும் போக்கு "சமூக டார்வினியம்" எனப்படுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஆஃப்ஸ்டாடர் 1944ஆம் ஆண்டில் எழுதிய நூலால் இப்பெயர் பரவலாயிற்று. ஆனால் இப்போக்கின் வேர்கள் டார்வினுக்கு முற்பட்டவை. ஏழைகளுக்கு அரசு உதவுவதை எதிர்க்கும் கருத்துகளை ஸ்பென்சர் 1851ஆம் ஆண்டிலேயே, அதாவது டார்வினின் நூலுக்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, வெளியிட்டிருந்தார். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 1889ஆம் ஆண்டில் எழுதிய "செல்வம்" என்னும் கட்டுரையில், போட்டியின் விதி தனி மனிதருக்குக் கடுமையாய் இருப்பினும் இனத்துக்கு நன்மை பயப்பது என்று வாதிட இச்சொற்றொடரைப் பயன்படுத்தினார்.

டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் 1883ஆம் ஆண்டில் "இன மேம்பாட்டியல்" என்னும் பொருளுடைய சொல்லை உருவாக்கினார். "தகுதியற்றோர்" பிள்ளை பெறுவதைத் தடுக்கவேண்டும் என்ற கருத்து இதன்வழிப் பல நாடுகளில் சட்டமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907ஆம் ஆண்டில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 20ஆம் நூற்றாண்டில் அங்கு 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வகைச் சட்டங்களின் கீழ்க் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். நாட்சி செருமனியில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,00,000 பேர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர். 1939ஆம் ஆண்டு முதல் அங்கு உடல், மனக் குறைபாடு உடையோர் கொல்லப்பட்டனர்.

இதில் டார்வினின் நிலைப்பாடு இருபக்கமும் பார்க்கத்தக்கது. 1871ஆம் ஆண்டில் வெளியான "மனிதனின் மரபுவழி" என்ற நூலில், நாகரிகச் சமூகங்கள் நலிந்தோரைப் பேணுவதால் தீய விளைவுகள் நேரலாம் என்று அவர் எழுதியது பின்னாளில் இன மேம்பாட்டியலாளருக்குத் துணையாயிற்று. ஆனால் அதே இடத்தில், நலிந்தோர் மீது கொள்ளும் பரிவைக் கைவிடுவது மனித இயல்பின் மேன்மையான பகுதியையே சிதைத்துவிடும் என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

டார்வினின் கருத்துகளை முன்னின்று பரப்பிய தாமஸ் என்றி அக்ஸ்லி, 1893ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், சமூகத்தின் அறமுன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை, அதை எதிர்ப்பதில்தான் உள்ளது என வாதிட்டார். இயற்கையில் ஒன்று நிகழ்கிறது என்பதிலிருந்து அது நிகழவேண்டும் என்ற முடிவு பிறப்பதில்லை. காய்ச்சல் இயற்கையானது என்பதால் மருந்து தவறாகிவிடாது.

வட்டக் கூற்று என்னும் திறனாய்வு

"பிழைப்பவை எவை? தக்கவை. தக்கவை எவை? பிழைப்பவை." இவ்வாறு இச்சொற்றொடர் தன்னையே சுற்றிவரும் வெற்றுக் கூற்று என்று சிலர் குறை கூறியுள்ளனர். மெய்யியலாளர் கார்ல் பாப்பரும் இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டின் சோதிக்கப்படும் தன்மையை ஐயுற்றார். பின்னர் 1977ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் அக்கருத்தைத் திரும்பப் பெற்றார்.

தகுதியைப் பிழைத்தலால் மட்டுமே வரையறுத்தால் இக்குறை பொருந்தும். ஆனால் ஆய்வாளர் அவ்வாறு செய்வதில்லை. எந்தப் பண்பு எந்தச் சூழலில், எக்காரணத்தால் உதவும் என்பதை அவர்கள் முன்கூட்டியே ஊகித்துச் சோதிக்கின்றனர். கடின விதைகள் மட்டும் எஞ்சினால் பெரிய அலகு உதவும் என்பதை, எக்குருவி இறந்தது என்று எண்ணிப் பார்க்கும் முன்னரே கூற இயலும். அவ்வூகம் பொய்யாகவும் கூடும். ஆகவே அது வெற்றுக் கூற்று அன்று.

மேலும், பிழைத்தவை அனைத்தும் தகுதியால் பிழைத்தவை அல்ல. வெள்ளம், எரிமலை, தீ போன்றவற்றில் தற்செயலாகத் தப்பியவையும் உண்டு. சிறிய தொகைகளில் தற்செயலால் மரபணுக்களின் விகிதம் மாறுவது மரபணு நகர்வு எனப்படும். வென்றவரின் வெற்றி முழுவதையும் அவரது தகுதிக்கே உரியதாக்கும் அன்றாட வழக்கு இவ்வுண்மையைக் கணக்கில் கொள்வதில்லை.

இவற்றையும் பார்க்க

இயற்கைத் தேர்வு
படிவளர்ச்சிக் கொள்கை
சார்லஸ் டார்வின்
எர்பர்ட் ஸ்பென்சர்
சமூக டார்வினியம்
மரபணு நகர்வு